மடைக் காவல்

எங்கள் ஊரின் பெயரை முதன்முறையாகக் கேட்கும் வெளியூர்க்காரர்களின் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் தயக்கத்தை நான் சிறு வயது முதலே கண்டு பழகியவன். வேதாகமத்தில் வரும் சாத்தானை நினைத்துக்கொண்டு அவர்கள் தயங்குகிறார்கள். சாத்தன் என்பது ஐயனாராகிய சாஸ்தாவுக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர் என்பதையும், மணிமேகலையை இயற்றிய புலவருக்கே சாத்தனார் என்று பெயர் என்பதையும், குளக்கரையில் கோயில்கொண்டு இரவு பகலாக ஊரைக் காக்கும் அந்தத் தெய்வத்தின் பெயரால்தான் எங்கள் குளமும் ஊரும் வழங்கலாயின என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவந்ததையும் எடுத்துரைத்த பிறகு அவர்கள் முகம் தெளிந்துவிடும். சாத்தான்குளத்தில் பிறந்தவன் ஒவ்வொருவனும் வாழ்நாளில் பலமுறை செய்ய நேரும் கடமை இது.

கம்ப்யூட்டர்த் தொழிலுக்கு வந்த பிறகு, இதே விளக்கத்தை இன்னொரு சொல்லுக்காகவும் நான் சொல்ல நேர்ந்தது. திரைக்குப் பின்னே நின்று, யாரும் ஏவாமலே ஓயாமல் ஊழியம் செய்யும் நிரலை அத்தொழிலில் 'டீமன்' என்பார்கள். பிசாசு என்ற பொருளில் எழுந்த பெயர் அன்று அது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'ப்ராஜெக்ட் மேக்' என்ற திட்டத்தில் ஐ.பி.எம். 7094 இயந்திரத்தை வைத்து வேலை செய்த குழுவினர், பௌதிக சாஸ்திரியான மாக்ஸ்வெல் 1867-இல் கற்பனை செய்த ஒரு நுண்ணிய வாயில்காப்போனை மனத்தில் கொண்டே அப்பெயரை இட்டதாக, அக்குழுவை நடத்திய பெர்னாண்டோ கோர்பாட்டோ பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு கதவருகே நின்றுகொண்டு, வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறு பக்கமும் பிரித்து அனுப்புவதே அந்த வாயில்காப்போனின் தொழில். ஏறக்குறைய அதே தொழிலைச் செய்யும் டீமன் ஒன்றை நான் பிறந்த வீட்டிலேயே, என் தாய் தந்தையர் கண்ணெதிரில் நிலைநிறுத்திய வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

எங்கள் பக்கத்து நிலம் செம்மணல் தேரியும் பனங்காடும் நிறைந்தது. தாமிரபரணி எங்களுக்கு வடக்கே ஓடுகிறது. அதன் எட்டு அணைக்கட்டுகளில் ஏழாவதான மருதூர் அணையிலிருந்து புறப்படும் மேலக்காலின் உபரி நீர், சடையனேரிக் கால்வாய் வழியாக மழைக்காலத்தில் வந்து சேர்ந்தால்தான் இந்தப் பகுதிக் குளங்களுக்கு நிறைவு. அந்தப் பாசனத்தில் பொதுப்பணித் துறையின் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என் தந்தையார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், கரை உடையாமல் காவல் இருப்பதும், குளம் மறுகால் பாயும் இரவுகளில் அரிக்கேன் விளக்கோடு கரைமேல் நடப்பதுமே அவருடைய உத்தியோகம். நாள்தோறும் காலையில் அளவுகோலில் நீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். தண்ணீரே இல்லாத கோடையில்கூட அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திடுவார்.

2008-ஆம் ஆண்டில் நான் சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். பம்பாயிலும் சென்னையிலும் கடை வைத்துப் பிழைத்த எங்கள் ஊர்க்காரர் சிலர் ஒன்றுகூடி, பனைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தும் தர்மத்தைத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செலுத்தியாயிற்று, எவ்வளவு பாக்கி என்பதை அவரவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி ஒரு கணக்குப் பக்கத்தை நான் அமைத்துக் கொடுத்தேன். அதற்கென்று பணம் செலவிட மனமில்லாமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸை ஏற்றி, எங்கள் வீட்டில் முன்பு நெல் குலுக்கை நின்ற அறையில் வைத்து, பிராட்பேண்ட் இணைப்பைக் கொடுத்துவிட்டேன். தானியம் இருந்த இடத்தில் தர்மக் கணக்கு இருப்பது பொருத்தந்தான் என்று என் தாயார் அந்த அறையை மெழுகிக் கோலமும் இட்டார்.

போர்ட் என்பதைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். துறை என்றே அதைத் தமிழில் சொல்லலாம். கொற்கையும் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் கண்ட எங்கள் நாட்டாருக்குத் துறை என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு ஊர் ஒன்றுதான், துறைகள் 65,536. எந்தச் சரக்கு எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்பதற்குச் சம்பிரதாயம் உண்டு. கணக்குப் பக்கத்தைப் போல மறைகுறியிட்டு வரும் இணையப் பக்கங்களுக்கு உரியது 443-ஆம் துறை. தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக நுழைந்து அதைச் சீர்செய்வதற்கு உதவும் எஸ்எஸ்எச் என்ற முறைக்கு உரியது 22-ஆம் துறை; பின்லாந்து தேசத்து டாட்டு இலோனென் 1995-இல் அம்முறையைப் படைத்து, 21-க்கும் 23-க்கும் நடுவே வெறுமையாக இருந்த அந்த எண்ணைக் கேட்டுப் பெற்றார்.

எனக்கு நேர்ந்த இடையூறு என்னவென்றால், சென்னையில் நான் வேலை பார்த்த இடத்திலிருந்து வெளியே செல்ல இரண்டு துறைகளை மட்டுமே திறந்து வைத்திருந்தார்கள். ஒன்று சாதாரண இணையப் பக்கங்களுக்கான 80; அதில் செல்வதையெல்லாம் இடையே ஒரு காவல் நிரல் பிரித்துப் பார்க்கும். மற்றது 443. ஊரில் கணக்குப் பக்கம் பழுதுபட்டால், அதைச் சீர்செய்ய 22-ஆம் துறைக்கு என்னால் செல்ல முடியாது. 443-இலோ கணக்குப் பக்கமே உட்கார்ந்திருக்கிறது. ஒரே மடைவாயிலில் இரண்டு வாய்க்கால்களுக்கும் தண்ணீர் விட வேண்டிய நிலைமை.

அதற்கு ஓர் உபாயம் தோன்றியது. மடைவாயிலில் ஒரு சிறு நிரலை நிறுத்தி, வருகிறவர் பேசும் முதல் வார்த்தையைக் கேட்டு, இன்னார் என்று அறிந்து, உரிய வாய்க்காலில் திருப்பிவிடச் செய்யலாம் அல்லவா? மறைகுறிப் பக்கத்தை நாடி வரும் உலாவி, கதவு திறந்த உடனே தானே முந்திப் பேசும். அது அனுப்பும் முதல் எண் 22. எஸ்எஸ்எச் கொண்டு வருபவரோ அந்த முறையின் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தெளிவாக உச்சரித்துத் தம்மை அறிவித்துக்கொள்வார், அல்லது வீட்டுக்காரர் முதலில் பேசட்டும் என்று வாய்மூடி நிற்பார். ஆகவே விதி சுலபமாயிற்று: அந்த மூன்று எழுத்தைச் சொன்னாலும், இரண்டு விநாடி மௌனமாக இருந்தாலும் எஸ்எஸ்எச், மற்றபடி யாராயினும் கணக்குப் பக்கம். பிரித்து அனுப்பும்போது, கேட்ட முதல் வார்த்தையை விழுங்கிவிடாமல் உரியவரிடம் அப்படியே சேர்ப்பிக்க வேண்டும் என்பது ஒன்றே நுட்பம். ஒரு சனி ஞாயிறில் சி மொழியில் அந்த நிரலை எழுதி முடித்து, தந்தையாரின் உத்தியோகத்தை நினைத்து அதற்கு 'மடை' என்று பெயர் வைத்தேன்.

மடை நன்றாகவே வேலை செய்தது. சென்னை மேஜையிலிருந்து குலுக்கை அறைக் கம்ப்யூட்டருக்குள் முதன்முறையாக நான் நுழைந்த அந்த மத்தியானத்தின் ஆனந்தம் இன்றும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் அந்த நிரல் முழுமை பெற்றதன்று. திரையின் முன் அமர்ந்து, பெயரும் கடவுச் சொல்லும் கொடுத்து உள்ளே போய், 'மடை' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால்தான் அது ஓடும். அடித்தவர் வெளியேறினால் அதுவும் உடன் மாயும். அந்த வருஷம் தமிழ்நாடெங்கும் மின்வெட்டு. மின்சாரம் போய்வந்த ஒவ்வொரு முறையும் யாராவது அதை எழுப்பிவிட வேண்டும்.

எழுப்பிவிட்டவர் என் தாயார். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். தினசரி நாட்காட்டியின் கிழித்த தாள் ஒன்றின் பின்புறத்தில், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு எந்தெந்த எழுத்துகளை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்று நான் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவார். முடித்ததும் எனக்குத் தொலைபேசியில் சொல்வார்: "கரண்டு வந்துட்டு ஐயா, எழுதிக் குடுத்ததை அடிச்சாச்சு. கணக்கு தெரியுதான்னு பாத்துக்கோ." இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தாலும் அவர் எழுந்து அந்த அறைக்குப் போனார் என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் தந்தையாருக்கு நெஞ்சு வலி கண்டது. திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தோம். நானும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஐந்து நாட்கள் சென்று, தந்தையாரின் உடல்நிலை தேறி மனம் சற்று அமைதியான வேளையில்தான், பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்துக் கணக்குப் பக்கம் திறக்கவில்லை என்று சொன்னார். ஆறு பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணம் செலுத்தும் கெடு அந்த வாரத்தில்தான் இருந்தது. யாருக்குப் பாக்கி என்று தெரியாமல் அவர் தவித்திருக்கிறார். கடைசியில் ஊரில் வேறொருவரை வீடு வீடாக அனுப்பி விசாரித்துக் கட்டணத்தைக் கட்டி முடித்தார்.

அன்று இரவு மருத்துவமனை வராந்தாவில், தலைக்குத் துண்டை மடித்து வைத்து உறங்கிக்கொண்டிருந்த என் தாயாரைப் பார்த்தவாறு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் நிரல் ஏழு மாதம் சேவை செய்ததாக எண்ணிப் பெருமைப்பட்டிருந்தேன். உண்மையில் சேவை செய்தவர் இவர். நான் அமைத்தது மடை மாத்திரமே. அதற்குக் காவல் என் தாயாரின் உறக்கம். இவர் ஐந்து நாள் வீட்டில் இல்லாமற் போனதும் என் கைத்திறன் முழுவதும் அவிந்துபோயிற்று. ஒருவர் கண்விழித்துக் காக்கும் வரைக்குமே ஓடும் ஒன்றை, செய்து முடித்த வேலையென்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

தந்தையாரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு இரண்டு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரிலேயே தங்கினேன். அவர் சாய்வு நாற்காலியில் முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருப்பார். நான் குலுக்கை அறையில் இருப்பேன். கையில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் யூனிக்ஸ் நிரற்கலை பற்றி 1992-இல் வெளியிட்ட பெரிய நூல் இருந்தது. நாற்பத்தெட்டு வயதிலேயே 1999-இல் மறைந்துவிட்ட அந்த ஆசிரியர், நேரில் கண்டிராத எத்தனையோ மாணாக்கர்களுக்குக் குருவாக இருந்தவர். அதன் 13-ஆம் அத்தியாயம் முழுவதும் டீமனைப் பற்றியது.

அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது சந்நியாச தீட்சையின் கிரமம். நிரல் முதலில் தன்னைப் போன்ற ஒரு பிள்ளையை ஈன்றுவிட்டுத் தான் மறைய வேண்டும். பெற்றோரை இழந்த அந்தப் பிள்ளையை முதல் எண் கொண்ட 'இனிட்' என்ற ஆதி நிரல் ஸ்வீகாரம் செய்துகொள்ளும். பிறகு பிள்ளை, கட்டளை அடிக்கும் திரையாகிய, தான் பிறந்த டெர்மினலோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டு தனக்கென்று ஒரு புதுக் குழுவைத் தொடங்க வேண்டும். எந்தக் காலத்திலும் வேறொரு டெர்மினல் தன்னைப் பற்றிக்கொள்ளாதிருக்க இன்னொரு முறை பிள்ளையை ஈன்று மறைய வேண்டும். நிற்கும் இடத்தை எவருக்கும் இடைஞ்சலாகப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் கோப்பு மரத்தின் வேருக்குப் போய்விட வேண்டும். கேட்கும் வாய், பேசும் வாய், முறையிடும் வாய் என்று பிறப்போடு வந்த மூன்று வாயில்களையும் மூடிச் சூனியத்தில் சேர்த்துவிட வேண்டும்.

டெர்மினலோடு உள்ள அந்தப் பந்தந்தான் முன்பு என் நிரலைக் கொன்றது. தொலைபேசிக் கம்பி வழியே கம்ப்யூட்டரை அணுகிய காலத்தில், கம்பி அறுந்தால் அதில் ஓடிய நிரல்களுக்கெல்லாம் 'ஹேங்கப்' என்ற சிக்னல் போகும். அதைப் பெற்ற நிரல் முடிந்துபோகும். கம்பி போய்விட்ட இந்நாளிலும் அந்த விதி போகவில்லை. பந்தத்தை அறுத்துக்கொண்ட டீமனுக்கு அந்தச் சாவு இல்லை. ஆகவே அதே சிக்னலுக்கு, போய் உன் அமைப்புக் கோப்பை மறுபடி படித்து வா என்று வேறு பொருள் கொடுத்து வழங்கும் மரபும் உண்டாயிற்று.

அதிகாரத்தைத் துறப்பது இன்னொரு படி. 1,024-க்குக் கீழுள்ள துறைகளில் உட்கார நிர்வாகிக்கே உரிமை உண்டு. ஆதலால் மடை பிறக்கும்போது சர்வாதிகாரத்தோடு பிறந்து, 443-இல் இடம் பிடித்த மறுகணமே அவ்வதிகாரத்தைக் கைவிட்டு, எதையும் கெடுக்கச் சக்தியற்ற ஓர் எளிய பயனராக மாற வேண்டும். அதிலும் முறை உண்டு. முதலில் குழுவின் உரிமையையும் பிறகே தன் உரிமையையும் விட வேண்டும்; மாற்றிச் செய்தால், தன் உரிமையை இழந்தவனுக்குக் குழுவின் உரிமையைத் துறக்கும் அதிகாரம் இல்லாது போய், அது ஒட்டிக்கொண்டே நிற்கும்.

இவ்வளவையும் செய்து, இயந்திரம் உயிர்பெறும்போது தானே எழும்படி தொடக்கக் கோப்பும் எழுதி, மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே விழிக்கும்படி அதன் அடிப்படை அமைப்பையும் மாற்றி வைத்தேன். நான்காம் நாள் மடை இல்லை. மின்சாரம் போகவில்லை, இயந்திரம் நிற்கவில்லை, நிரல் மட்டும் மறைந்துபோயிருந்தது. ஏன் என்று சொல்ல ஓர் எழுத்துகூட எங்கும் இல்லை. மூன்று வாயில்களையும் மூடச் சொன்ன நூல், சொல்ல வேண்டியதைப் பதிவேட்டில் எழுது என்றும் சொல்லியிருந்தது. முதல் பாதியை அனுஷ்டித்து மறு பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சோர்ந்து முற்றத்துக்கு வந்த என்னைத் தந்தையார் விசாரித்தார். எப்போது நின்றது, ஏன் நின்றது என்று தெரியவில்லை என்றேன். "எழுதி வைக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதி வைக்காத தண்ணி வராத தண்ணிதாம்ல. நாளைக்கு ஒருத்தன் எங்க வயலுக்குப் பாயலைன்னு வந்து நின்னா என்னத்தைக் காட்டுவே?" என்றார். பிறகு சமையற்கட்டின் பக்கம் கையைக் காட்டி, "உங்க அம்மா பால் கணக்கு மாதிரி கோடு போட்டு வச்சிருக்கா. அதைப் போயிப் பாரு" என்றார்.

பார்த்தேன். பால்காரருக்கு இடும் கோடுகளுக்குப் பக்கத்திலேயே, நிரலை எழுப்பிவிட்ட ஒவ்வொரு முறைக்கும் நாட்காட்டியில் ஒரு சிறு கோடு இட்டிருந்தார். மின்வெட்டு இல்லாத நாட்களிலும் சில கோடுகள் இருந்தன. என்ன என்று கேட்டேன். "அது சில நாளு கரண்டு போகாமலே நின்னு போகும். போற வழியில எட்டிப் பார்ப்பேன்; நின்னிருந்தா அடிச்சு விட்டுருவேன். உனக்கு வேலை நேரத்துல எதுக்குச் சொல்லணும்னு சொல்லலை" என்றார்.

குறை முதல் நாளிலிருந்தே நிரலில் இருந்திருக்கிறது. கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நடுவில் சட்டென்று இணைப்பை மூடிவிட்டு அகன்றால், மூடிய கதவை நோக்கி மடை பேச முற்படும். அப்படிப் பேசுகிற நிரலுக்கு 'உடைந்த குழாய்' என்ற சிக்னல் வரும். அதை எதிர்பார்த்து ஏற்பாடு செய்யாத நிரல் அந்த இடத்திலேயே மடியும். ஒருவர் அகன்றதற்காக மற்ற அனைவருக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும். இதற்கு மாற்று ஒரே வரி. அந்த ஒரு வரிக் குறையை ஏழு மாத காலம் என் கண்ணில் படாமல் மறைத்துவந்தது என் தாயாரின் அன்பு. குறையைக் காட்டிக்கொடுத்ததும் அவர் இட்ட கோடுகளே.

அந்த வரியை எழுதினேன். பிறகு 'சிஸ்லாக்' என்ற பொதுப் பதிவேட்டோடு மடையை இணைத்தேன். எண்பதுகளில் எரிக் ஆல்மன் தாம் எழுதிய அஞ்சல் நிரலுக்காகப் படைத்து, பின்னர் யூனிக்ஸ் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. எழுந்த வேளை, இடம்பிடித்த வேளை, அதிகாரம் துறந்த வேளை, வந்தவர் இன்ன வாய்க்காலுக்குச் சென்றார் என்ற விவரம், நிற்க நேர்ந்தால் நின்ற காரணம் ஆகிய அனைத்தையும் அதில் எழுதச் செய்தேன். யாரும் வராத நாளிலும் ஒரு வரி எழுத வேண்டும் என்று விதித்தேன். தந்தையாரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த பூஜ்யத்துக்கு நான் செலுத்திய மரியாதை அது.

2009-ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில் சோதனை செய்து பார்த்தோம். தந்தையாரே மெயின் சுவிட்சை அணைத்தார். வீடு இருண்டது, வெளியே தேரிக் காற்றில் பனை ஓலைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சில நிமிஷங்கள் கழித்து அவர் சுவிட்சைப் போட்டதும், கம்ப்யூட்டர் தானே முனகி எழுந்தது. பழக்கத்தினால் என் தாயார் விசைப்பலகைக்கு முன்னே போய் நின்று, நாட்காட்டித் தாளுக்காகச் சுவரின் பக்கம் கை நீட்டிவிட்டார். திரையில் வரிகள் ஓடி நின்றன. என் கைத்தொலைபேசியில் கணக்குப் பக்கம் திறந்தது. "ஒண்ணும் அடிக்க வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப ராத்திரி நல்லா உறங்கலாம்" என்று சொல்லிவிட்டு, அணைந்திருந்த விளக்கை ஏற்றப் போய்விட்டார். என் தொழில் வாழ்வில் எந்த அதிகாரியிடமும் இதற்கு மேலான பாராட்டை நான் பெற்றதில்லை.

பிற்காலத்தில், இதே எண்ணம் எனக்கு மட்டும் தோன்றியதன்று என்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஈவ் ருட்ஷ்லே என்பவர் பராமரித்துவரும் எஸ்எஸ்எல்எச் என்ற நிரல் இதே வேலையை இன்னும் செம்மையாகச் செய்கிறது. பேசாதிருப்பவரை எஸ்எஸ்எச் என்று கொள்ளும் விதிகூட அதில் உண்டு. 2015-இல் தர்மக் கணக்கை வாடகைச் சர்வர் ஒன்றுக்கு மாற்றியபோது என் மடைக்கு ஓய்வு கொடுத்து, அதன் இடத்தில் அந்த நிரலை அமர்த்தினேன். அவ்வருஷம் வெளிவந்த டெபியன் எட்டாம் பதிப்பில், 2010-இல் தோன்றிய 'சிஸ்டம்டி' என்னும் ஏற்பாடு ஆதி நிரலின் ஸ்தானத்தை ஏற்றிருந்தது. அதன் ஆளுகையில் நிரல் தானே துறவு பூண வேண்டியதில்லை. சாதாரணமாக நின்று தன் வேலையைச் செய்தாற் போதும். எழுப்புவது, பந்தம் அறுப்பது, பேசுவதைப் பதிவேட்டில் எழுதுவது, விழுந்தால் மீண்டும் தூக்கி நிறுத்துவது ஆகிய பொறுப்புகளை எல்லாம் அதுவே ஏற்கிறது. நான் இரண்டு மாதம் அலைந்து செய்ததை இன்று ஓர் இளைஞர் பத்து வரிக் கோப்பில் செய்துவிடலாம். இது நல்லதே.

ஆனால் விழுந்ததைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு இருக்கும் இடத்தில், ஏன் விழுந்தது என்று கேட்பாரும் ஒருவர் இருக்க வேண்டும். என் தாயார் நிரலைத் தூக்கி நிறுத்தியதோடு விடாமல் கோடும் போட்டு வைத்தார். இயந்திரத்தை அந்த வேலைக்கு வைப்பவர்கள், அந்தக் கோடுகளைப் போய்ப் பார்க்கும் கடமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் கண்ணெதிரில் ஒரு நிரல் ஓடுவதைக் கண்டு அதை முடிந்த வேலையென்று கொள்ளாதீர்கள். நீங்கள் அகன்ற பின்பும் அது நிற்கிறதா, வீழ்ந்தால் எழுகிறதா, தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தைக் கைவிட்டிருக்கிறதா, நடந்ததை எழுதி வைக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஓடுவதற்காக எங்கேயோ யாராவது தூக்கம் விழிக்கிறார்களா என்று விசாரியுங்கள். விழிக்கிறார்கள் என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

மடையின் பதிவேடு முழுவதையும் அச்சடித்துத் தந்தையாரின் நீர் அளவு நோட்டுப் புத்தகங்களோடு கட்டி வைத்திருக்கிறேன். தாயார் கோடு போட்ட 2008-ஆம் வருஷத்து நாட்காட்டித் தாள்களும் அந்தக் கட்டில்தான் இருக்கின்றன.